ஒரே நோய், ஒரே மருந்து, வேறு வேறு முடிவு: இரைப்பைப் புற்றுநோயில் மரபணு எப்படி இயங்குகிறது?

இரைப்பையிலோ உணவுக்குழாயின் அடிப்பகுதியிலோ புற்றுநோய் கண்ட 503 பேரை வைத்துப் பிரிட்டன் மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ‘மேஜிக்’ ஆய்வின் முடிவு 2006-ல் வெளிவந்தது. பாதிப் பேருக்கு அறுவை சிகிச்சை மட்டும் திட்டமிட்டார்கள். மீதிப் பேருக்கு அறுவைக்கு முன்னும் பின்னும் கீமோ. ஐந்து ஆண்டுகள் கழித்து, முதல் பிரிவில் 100-க்கு 23 பேர் உயிரோடு இருந்தார்கள். கீமோவும் சேர்ந்த பிரிவில் 100-க்கு 36 பேர். மருந்து பலன் தருகிறது என்று உறுதியானது, பல நாடுகளில் சிகிச்சை முறையே மாறியது.

ஆனால் அந்த எண்களுக்குள் இரண்டு கேள்விகள் மிச்சம் இருக்கின்றன. கீமோ எடுத்த எல்லோருக்கும் அதே மருந்துகள்தான். ஏன் சிலர் மட்டும் பிழைத்தார்கள்? கீமோவே இல்லாமல் பிழைத்த 23 பேரைக் காப்பாற்றியது எது?

பதிலில் பெரும்பங்கு, நோய் எந்தக் கட்டத்தில் கண்டுபிடிக்கப்பட்டது என்பதில் இருக்கிறது. ஆனால் ஒரே கட்டத்தில் இருப்பவர்களுக்குள்ளும் முடிவுகள் மாறுகின்றன. அந்த வித்தியாசத்தில் ஒரு பகுதிக்குக் காரணம் மரபணு. அது எங்கே, எப்படிக் குறுக்கிடுகிறது என்று பார்க்க ஒரு கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டுக்குள் போவோம்.

குறிப்பேடும் பிரதியும்

பெரிய சமையல்கட்டு. நூறு பேர் வேலை செய்கிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரே குறிப்பேட்டின் பிரதி இருக்கிறது. சாம்பார் வைப்பவர் சாம்பார்ப் பக்கத்தைத் திறக்கிறார், பாயசம் கிண்டுபவர் பாயசப் பக்கத்தை. புதிதாக ஒருவர் வேலைக்குச் சேர்ந்தால் அவருக்காக முழுக் குறிப்பேட்டையும் ஒருமுறை பார்த்து எழுத வேண்டும்.

உடலின் செல்களும் இப்படித்தான். குறிப்பேடு என்பது டிஎன்ஏ. அதில் ஒரு பக்கம் ஒரு மரபணு. அந்தப் பக்கத்தைப் பார்த்துச் செய்யும் பண்டம் புரதம். செல் இரண்டாகப் பிரியும்போதெல்லாம் சுமார் 300 கோடி எழுத்துகள் கொண்ட குறிப்பேடு மறுபடி எழுதப்படுகிறது. அம்மா வழியில் ஒன்று, அப்பா வழியில் ஒன்று என்று ஏறக்குறைய எல்லாப் பக்கத்துக்கும் இரண்டு பிரதிகள் உண்டு.

உங்கள் குறிப்பேட்டை, ஆய்வாளர்கள் பொது அளவுகோலாக வைத்திருக்கும் குறிப்பேட்டோடு ஒப்பிட்டால் 40 முதல் 50 லட்சம் இடங்களில் வித்தியாசம் இருக்கும். பயப்பட ஒன்றுமில்லை. ‘மிளகாய்’ என்பதை ‘மொளகா’ என்று எழுதியிருப்பதைப் போன்றவையே பெரும்பாலும். படித்துச் சமைப்பவருக்கு எந்தக் குழப்பமும் வராது. ‘உப்பு 1 கரண்டி’ என்பது ‘10 கரண்டி’ ஆகும் இடங்கள் மிகச் சில. நம் கவலை அவற்றைப் பற்றித்தான்.

இங்கே ஒரு பிரிவினையை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சில வேறுபாடுகள் பெற்றோரிடமிருந்தே வந்தவை. உடலின் எல்லாச் செல்லிலும் இருக்கும், ரத்தப் பரிசோதனையில் தெரியும். வேறு சில, இரைப்பையில் ஒரு செல் குறிப்பேட்டைப் பிரதி எடுக்கும்போது விழுந்த பிழைகள். கட்டியில் மட்டும் இருக்கும், பயாப்ஸித் துணுக்கில்தான் தெரியும். முதல் வகை பிள்ளைகளுக்குப் போகலாம். இரண்டாவது வகை போகாது. வீட்டில் ஒருவருக்கு ‘மரபணுப் பிழை இருக்கிறது’ என்று அறிக்கை வந்ததும் குடும்பமே கலங்கிப்போகிறது. எந்த வகைப் பிழை என்று முதலில் கேளுங்கள். பாதிக் கலக்கம் அங்கேயே தீரும்.

அடுப்பின் அனல்

குறிப்பேடு ஏன் கெடுகிறது? அடுப்பின் அனலும் புகையும் விடாமல் பட்டுக்கொண்டிருந்தால் எந்தத் தாளும் கெடும். இரைப்பையில் அந்த அனலை மூட்டுவது பெரும்பாலும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 1982-ல் இதை வளர்த்துக் காட்டினார்கள். 2005-ல் நோபல் பரிசு பெற்றார்கள். இடையில் 1994-லேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பட்டியலில் சேர்த்துவிட்டது. கிருமி இரைப்பைச் சுவரில் ஆண்டுக்கணக்கில் அழற்சியை உண்டாக்குகிறது. சுவர் மெலிகிறது. அங்கே குடலைப் போன்ற செல்கள் முளைக்கின்றன. அவற்றில் சில புற்றாக மாறுகின்றன.

உலகில் கோடிக்கணக்கானோர் வயிற்றில் இந்தக் கிருமி இருக்கிறது. புற்றுநோய் வருவது அவர்களில் சிலருக்குத்தான். காரணங்களில் ஒன்று, ஒரே விறகுக்கு எல்லா அடுப்பும் ஒரே மாதிரி எரிவதில்லை. ஐஎல்-1பி என்ற மரபணு, அழற்சியைக் கிளப்பும் ஒரு புரதத்துக்கான பக்கம். அந்தப் பக்கத்தில் சில எழுத்துகள் மாறியிருப்பவர்களுக்கு இரைப்பைப் புற்றுநோய் ஆபத்து கூடுதல் என்று எமாத் எல்-ஒமர் குழுவினர் 2000-ல் ஸ்காட்லாந்து, போலந்து மக்களிடம் கண்டார்கள்.

இதைவிடப் பெரிய சான்று ஜப்பானிலிருந்து 2023-ல் வந்தது. பயோபேங்க் ஜப்பானின் 10,426 இரைப்பைப் புற்றுநோயாளிகளை, புற்றுநோய் இல்லாத 38,153 பேரோடு ஒப்பிட்டார்கள். பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2, ஏடிஎம், பிஏஎல்பி2 போன்ற மரபணுக்கள், கிழிந்த குறிப்பேட்டுத் தாளை ஒட்டித் தைக்கும் வேலைக்காரர்களுக்கான பக்கங்கள். அவற்றில் பிறவியிலேயே பழுது, கூடவே வயிற்றில் பைலோரி என்று இரண்டும் சேர்ந்தவர்களுக்கு 85 வயதுக்குள் இரைப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 45.5 சதவீதம். கிருமி மட்டும் இருந்து, பழுது இல்லாதவர்களுக்கு 14.4 சதவீதம்.

பிறவியில் வந்த குறிப்பேட்டை மாற்ற முடியாது. ஆனால் பைலோரியை இரண்டு வார மருந்தில் ஒழிக்க முடியும். தைப்பவர் பலவீனமான வீட்டில் அனலைத் தணிப்பது மற்ற வீட்டைவிட அவசரமான வேலை.

மாவு பிடிக்காத வடை

உளுந்து மாவு சரியாகப் பிடித்திருந்தால் வடை எண்ணெயில் முழுசாக நிற்கும். பிடிப்பு இல்லாவிட்டால் துகள் துகளாகப் பிரிந்து வாணலி முழுவதும் பரவிவிடும். அரித்து எடுப்பதும் கஷ்டம்.

இரைப்பைச் செல்களை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருக்கும் புரதம் ஈ-கேட்ஹெரின். அதற்கான பக்கம் சிடிஎச்1. அது போய்விட்டால் செல்கள் கட்டியாகத் திரளாமல் ஒவ்வொன்றாகச் சுவருக்குள் பரவுகின்றன. நுண்ணோக்கியில் இந்தச் செல்லைப் பார்த்தால், உள்ளே சளிப்பொருள் நிரம்பி உட்கருவை ஓரத்துக்குத் தள்ளியிருக்கும். அதனால் ‘முத்திரை மோதிரச் செல்’ என்று பெயர். எண்டோஸ்கோபியில் எடுப்பான கட்டி எதுவும் தெரியாமல் போகலாம். கண்ணுக்குப் படாததால் தாமதம், தாமதத்தால் உயிரிழப்பு. உயிர் பிழைப்பதில் மரபணு குறுக்கிடும் முதல் வழி இது.

நியூசிலாந்தில் ஒரு மாவோரிப் பெருங்குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக, இளம் வயதினர்கூட இந்த நோயில் இறந்துகொண்டிருந்தார்கள். அந்தக் குடும்பத்தாரே முன்வந்து கேட்டுக்கொண்டு ஆய்வில் பங்கேற்றார்கள். ஒடாகோ பல்கலைக்கழகத்தின் பாரி கில்ஃபர்ட் குழு 1998-ல் காரணத்தை அறிவித்தது: பிறவியிலேயே சிடிஎச்1-ன் ஒரு பிரதி பழுது. இன்னொரு பிரதி நன்றாக இருக்கும்வரை மாவு பிடிக்கும். ஏதோ ஒரு செல்லில் அதுவும் போகும்போது நோய் தொடங்கும். இப்போது இந்தப் பழுது உள்ளவர்கள், நோய் வருவதற்கு முன்பே இரைப்பையை முழுவதும் நீக்கிக்கொள்வதா, அல்லது ஆண்டுதோறும் நுணுக்கமான எண்டோஸ்கோபி செய்துகொள்வதா என்று மருத்துவரோடு பேசி முடிவெடுக்கிறார்கள். பெண்களுக்கு ஒருவகை மார்பகப் புற்றுநோய்க்கும் இதே பழுது காரணமாவதால் அதையும் கண்காணிக்கிறார்கள்.

இரைப்பை இல்லாமல் வாழ முடியும். சிறு சிறு வேளைகளாகச் சாப்பிட வேண்டும், பி12 ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். சுலபமான வாழ்க்கை இல்லை. ஆனால் ஒரு குடும்பத்தின் சாவுக் கணக்கையே அது மாற்றியிருக்கிறது.

பிழை பார்ப்பவர் இல்லாத சமையல்கட்டு

குறிப்பேட்டைப் பார்த்து எழுதும்போது பிழை விழுவது இயல்பு. எழுதிய வரியை உடனே படித்துத் திருத்த ஆள் வேண்டும். செல்லுக்குள் அந்த வேலையைச் செய்யும் முக்கியப் புரதங்கள் நான்கு: எம்எல்எச்1, பிஎம்எஸ்2, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6. இரைப்பைப் புற்றுநோய் வந்த சிலருக்கு எம்எல்எச்1 பக்கம் பாயசம் கொட்டியதுபோல ஒட்டிக்கொள்கிறது. எழுத்தில் பழுது இல்லை, ஆனால் பிரித்துப் படிக்க முடியாது. மிகச் சிலருக்கு இந்தக் குறை பிறவியிலேயே வருகிறது. அதற்கு லிஞ்ச் நோய்க்குறி என்று பெயர்.

இதை நோயியல் கூடத்தில் கண்ணால் பார்க்கலாம். பயாப்ஸித் துணுக்கை மெல்லிய சீவலாக்கிக் கண்ணாடித் தகட்டில் வைத்து, நான்கு புரதங்களுக்கும் தனித்தனியே சாயம் ஏற்றுகிறார்கள். புரதம் இருந்தால் உட்கரு பழுப்பாகத் தெரியும். எம்எல்எச்1 இல்லாத கட்டியில் புற்றுச் செல்களின் உட்கருவெல்லாம் வெறும் நீலம். அவற்றுக்கு நடுவே நிற்கும் வெள்ளையணுக்களின் உட்கரு மட்டும் பழுப்பு. அந்தப் பழுப்பைப் பார்த்த பிறகே மருத்துவர் முடிவு எழுதுவார். சாயம் சரியாகத்தான் ஏறியிருக்கிறது, புற்றுச் செல்லில்தான் புரதம் இல்லை என்பதற்கு அதுவே அத்தாட்சி.

பிழை பார்ப்பவர் இல்லாவிட்டால் நிலைமை மோசமாகத்தானே இருக்க வேண்டும்? இரைப்பைப் புற்றுநோயில் நடப்பது நேர்மாறு. இந்த அடுப்பிலிருந்து இறங்கும் பண்டம் ஒவ்வொன்றும் வாயில் வைக்க முடியாதபடி கெட்டிருக்கிறது. பந்தியில் நிற்கும் மேற்பார்வையாளர் எடுத்த எடுப்பிலேயே பிடித்துவிடுகிறார். அந்த மேற்பார்வையாளர் நம் நோய் எதிர்ப்பு மண்டலம். விகாரமான புரதங்கள் நிறைய இருப்பதால் வெள்ளையணுக்கள் கட்டியை அந்நியமாக அடையாளம் கண்டு சூழ்ந்துகொள்கின்றன.

மேஜிக் உட்பட நான்கு ஆய்வுகளின் 1,556 நோயாளிகளை ஒன்றுசேர்த்து 2019-ல் கணக்குப் பார்த்தார்கள். 121 பேருக்கு இந்த வகைக் கட்டி. ஐந்து ஆண்டு பிழைப்பு அவர்களுக்கு 77.5 சதவீதம், மற்றவர்களுக்கு 59.3 சதவீதம். மேஜிக் ஆய்வில் சேமித்து வைத்திருந்த 303 பேரின் திசுக்களை மறுபடி எடுத்துப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. இவ்வகைக் கட்டி இருந்தவர்களில் அறுவை மட்டும் செய்துகொண்டோர் நன்றாக இருந்தார்கள். கீமோ எடுத்தோருக்குப் பலன் தெரியவில்லை. அந்தப் பிரிவில் ஆட்கள் குறைவு என்பதால் அதை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது. ஆனால் கொரியா உள்ளிட்ட ஆசிய நாடுகளில் நடந்த கிளாசிக் ஆய்வின் திசுக்களிலும் இவ்வகைக் கட்டிக்குக் கீமோவால் பலன் தெரியவில்லை. தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு ஒரு பகுதி விடை இதில் கிடைக்கிறது: கீமோ இல்லாமலே பிழைத்தவர்களில் சிலரைக் காப்பாற்றியதில் அவர்களுடைய மேற்பார்வையாளருக்கும் பங்கு உண்டு.

சில கட்டிகள் அந்த மேற்பார்வையாளரின் வாயைக் கட்டிவிடும். கட்டை அவிழ்த்துவிடுவதுதான் இம்யூனோதெரபி. 2017-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, புற்றுநோய் எந்த உறுப்பில் இருந்தாலும் பிழைதிருத்தக் குறை இருந்தால் பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தைத் தரலாம் என்று அனுமதித்தது. உறுப்பைப் பார்க்காமல் மரபணு அடையாளத்தைப் பார்த்து அங்கே ஒரு புற்றுநோய் மருந்துக்கு ஒப்புதல் கிடைத்தது அதுவே முதல்முறை.

ஒரே பக்கத்துக்குப் பல பிரதி

குறிப்பேட்டில் ‘அடுப்பைக் கூட்டு’ என்று ஒரு பக்கம். ஒன்றுக்குப் பதில் இருபது பிரதி வந்துவிட்டால், அடுப்படியில் இருப்பவர் கூட்டிக்கொண்டே போவார். ஹெர்2 என்ற மரபணு சில கட்டிகளில் இப்படிப் பெருகிவிடுகிறது. செல் ஓயாமல் பிரிகிறது. அந்த ஆணை போய்ச் சேரும் வாயை அடைக்கும் மருந்து டிராஸ்டுசுமாப். 2010-ல் வெளியான டோகா ஆய்வில், நோய் முற்றிய ஹெர்2 நோயாளிகளின் இடைநிலை ஆயுள் கீமோ மட்டும் என்றால் 11.1 மாதம், இந்த மருந்தும் சேர்ந்தால் 13.8 மாதம். ஹெர்2 பெருகாதவருக்கு இந்த மருந்தால் வேலை இல்லை, செலவுதான் மிஞ்சும்.

2014-ல் அமெரிக்காவின் புற்றுநோய் ஜீனோம் திட்டம் 295 கட்டிகளை ஆராய்ந்து, இரைப்பைப் புற்றுநோய் என்ற ஒரே பெயருக்குள் நான்கு வகைகள் இருப்பதாகச் சொன்னது. பிழை பார்ப்பவர் இல்லாதது ஒன்று. எப்ஸ்டீன்-பார் வைரஸ் குடிகொண்டது இன்னொன்று. அது 100-க்கு 9. பக்கங்கள் கட்டுக்கட்டாகக் காணாமல்போயோ பெருகியோ இருப்பது மூன்றாவது. ஏறக்குறைய பாதிக் கட்டிகள் இந்த வகை. பெரிய குளறுபடி இல்லாமல் இருப்பது நான்காவது. பரவிப்போகும் வகைப் புற்று பெரும்பாலும் இதில்தான். பெயர் ஒன்று என்பதால் நோய் ஒன்றாகிவிடாது.

கழிவு போகும் வழி

இதுவரை பார்த்தது கட்டியைப் பற்றி. இப்போது பாத்திரம் கழுவும் முற்றத்துக்கு வாருங்கள். தண்ணீர் எவ்வளவு ஊற்றினாலும் வாய்க்கால் அகலமாக இருந்தால் ஓடிவிடும். வாய்க்கால் குறுகினால் அதே தண்ணீர் அடுப்படிவரை ஏறிவிடும்.

இரைப்பைப் புற்றுநோய்க் கீமோவில் அதிகம் பயன்படுவது 5-எஃப்யூ. கேப்சிடபின் மாத்திரையும் உடலுக்குள் போய் அதுவாகத்தான் மாறுகிறது. செலுத்திய மருந்தில் 80 சதவீதத்துக்கும் மேல், டிபிடி என்ற நொதி பெரும்பாலும் கல்லீரலில் உடைத்து வெளியேற்றிவிடுகிறது. அந்த நொதிக்கான பக்கம் டிபிஒய்டி. அதில் சில எழுத்துகள் மாறியிருந்தால் வாய்க்கால் குறுகல். மற்றவருக்குச் சரியான அளவு இவருக்கு விஷம். முதல் சுற்று முடிந்த சில நாளிலேயே வாயெல்லாம் புண், தண்ணீர்கூட விழுங்க முடியாது. நிற்காத வயிற்றுப்போக்கு. வெள்ளையணுக்கள் சரிந்து காய்ச்சல். உயிரும் போகலாம், அதுவும் புற்றுநோயால் இல்லாமல் மருந்தால்.

ஐரோப்பிய மருந்து முகமை 2020-ல், இந்த மருந்தைத் தொடங்கும் முன் டிபிடி குறையைப் பரிசோதிக்கும்படி பரிந்துரைத்தது. ஐரோப்பிய வம்சாவளியினரில் 100-க்கு 9 பேர்வரை நொதி குறைவாகவும், 0.5 சதவீதம்வரை அறவே இல்லாமலும் இருக்கலாம் என்பது அதன் கணக்கு. ஓரளவு குறை உள்ளவர்களுக்குப் பாதி அளவில் தொடங்கி, தாங்கினால் கூட்டலாம். நம் ஊருக்கு ஓர் எச்சரிக்கை: வழக்கமான பரிசோதனை தேடும் எழுத்து மாற்றங்கள் பெரும்பாலும் ஐரோப்பியரிடம் கண்டறியப்பட்டவை. அவை இல்லை என்று அறிக்கை வந்தாலும் முதல் சுற்றில் கண்காணிப்பு வேண்டும்.

எந்த எழுத்தை நம்பலாம்?

ஒரு மரபணு எழுத்துக்கும் ஆயுளுக்கும் தொடர்பு உண்டா என்று எப்படிப் பார்க்கிறார்கள்? எட்வர்ட் கப்ளானும் பால் மேயரும் 1958-ல் தந்த வழி இன்னும் நடைமுறையில் இருக்கிறது. எழுத்து மாறியவர்கள், மாறாதவர்கள் என்று இரண்டு கோடுகள். இருவரும் 100 சதவீதத்தில் தொடங்குவார்கள். ஓர் இறப்பு நேரும்போதெல்லாம் அந்தக் கோடு ஒரு படி இறங்கும். இரண்டு கோடுகளுக்கும் இடையே உள்ள இடைவெளிதான் செய்தி.

அந்த இடைவெளி ஏமாற்றவும் செய்யும். ஜிஎஸ்டிபி1, இஆர்சிசி1, எக்ஸ்ஆர்சிசி1 போன்ற மரபணுக்களின் ஒற்றை எழுத்து மாற்றங்களை வைத்து எத்தனையோ சிறு ஆய்வுகள் வந்தன. ஒன்றில் ஆயுளைக் கூட்டிய எழுத்து இன்னொன்றில் குறைத்தது, மூன்றாவதில் ஒன்றும் செய்யவில்லை. காரணம் எளிது. தற்செயலாக 100-க்கு 5 முறை வரக்கூடிய வித்தியாசத்தை ‘உண்மை’ என்று ஏற்பது வழக்கம். அப்படியானால் எந்தத் தொடர்பும் இல்லாத 20 எழுத்துகளைச் சோதித்தாலே சராசரியாக ஒன்று ‘உண்மை’யாகத் தெரியும். சமையல் ருசிக்குக் காரணம் உப்பா, புளியா என்று தேடும்போது, ஒரு பந்தி சூடாகப் பரிமாறப்பட்டது, இன்னொன்று ஆறிப்போய்ப் பரிமாறப்பட்டது என்பதை மறந்தாலும் கணக்கு தவறும். நோயின் கட்டம், வயது, அறுவையின் தரம் எல்லாம் அப்படி மறக்கப்படுபவை.

அதனால் மூன்று கேள்விகளுக்கும் ‘ஆம்’ என்றால்தான் ஓர் எழுத்தை நம்பலாம். வேறு ஊரில், வேறு நோயாளிகளிடமும் அதே முடிவு வந்ததா? அது எப்படி வேலை செய்கிறது என்று சொல்ல முடிகிறதா? அதைத் தெரிந்துகொள்வதால் சிகிச்சையில் ஏதாவது மாறுமா? சிடிஎச்1, பிழைதிருத்தக் குறை, ஹெர்2, டிபிஒய்டி நான்கும் இதில் தேறுகின்றன. இணையத்தில் விலைக்கு வரும் நீளமான மரபணு அறிக்கைகளில் இருக்கும் பல எழுத்துகள் தேறுவதில்லை.

நோயாளியும் குடும்பமும் கேட்க வேண்டியவை

மரபணுவைவிட நேரம் பெரியது. தென் கொரியாவில் 40 வயது தாண்டியவர்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இரைப்பைப் பரிசோதனையை அரசே நடத்துகிறது; அங்கே ஐந்து ஆண்டு பிழைப்பு 75 சதவீதத்துக்கும் மேல். கொரியர்களின் குறிப்பேடு மட்டும் அதற்குக் காரணம் ஆகாது, நோயை முளையிலேயே பிடிப்பதுதான் முக்கியக் காரணம். நம்மிடம் அப்படிப்பட்ட திட்டம் இல்லை. ஆகவே நாள்பட்ட அஜீரணம், காரணமில்லாமல் எடை குறைவது, கறுப்பு மலம், சீக்கிரம் வயிறு நிறைவது என்று ஏதாவது இருந்தால் ஜெலுசில் குடித்து மாதங்களை ஓட்டாமல் எண்டோஸ்கோபிக்குப் போங்கள்.

நோய் உறுதியானால், முதல் கீமோ ஏறுவதற்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள்:

- பயாப்ஸித் துணுக்கில் பிழைதிருத்தப் புரதங்கள் நான்கையும், ஹெர்2-வையும் பார்த்தாயிற்றா?
- நோய் முற்றியிருந்தால், கட்டியில் பிடி-எல்1, கிளாடின் 18.2 என்ற புரதங்களுக்கான பரிசோதனைகள் சிகிச்சையை மாற்றுமா?
- 5-எஃப்யூ அல்லது கேப்சிடபின் தருவதாக இருந்தால், டிபிஒய்டி பரிசோதனை செய்ய முடியுமா?
- குடும்பத்தில் இளம் வயதில் இரைப்பை அல்லது மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால், மரபணு ஆலோசகரைப் பார்க்க வேண்டுமா?
- வீட்டில் மற்றவர்களுக்குப் பைலோரி பரிசோதனை செய்யலாமா?

இந்தப் பரிசோதனைகள் எதுவும் ஒருவருக்கு எத்தனை நாள் என்று சொல்லாது. 77.5 சதவீதம் என்பது ஒரு கூட்டத்தின் கணக்கு; அதற்குள் ஒரு தனி மனிதர் எங்கே நிற்கிறார் என்று எந்த எழுத்தும் காட்டுவதில்லை. எந்த மருந்து இவருக்கு வேலை செய்யும், எது வீண், எந்த அளவு ஆபத்து என்பதைத்தான் இவை சொல்கின்றன. அந்த அளவுக்காவது சொல்லக்கூடிய அறிவு கையில் இருக்கும்போது, கேட்காததால் ஒருவருக்கு அது கிடைக்காமல் போகக் கூடாது. பத்தாயிரம் இந்தியர்களின் குறிப்பேடுகளை ஜீனோம் இந்தியா திட்டம் படித்து முடித்திருக்கிறது. நம் மக்களுக்கான டிபிஒய்டி பட்டியலும் சிடிஎச்1 பட்டியலும் அடுத்து வர வேண்டும். அதற்கு மருத்துவமனைகள் பரிசோதனை முடிவுகளையும் நோயாளியின் பிற்கால நிலையையும் சேர்த்துப் பதிய வேண்டும். ஐரோப்பியரை வைத்துப் போட்ட அளவில் நம் நோயாளிக்கு மருந்து ஊற்றும் நிலை மாற, அந்தப் பதிவுதான் முதல் வேலை.